அம்மாவின் கை எட்டும் உயரம்

வாசலை அடைத்துக் கிடந்த செருப்புகளைத் தாண்டி இன்னொரு மலர்வளையம் உள்ளே வந்தது. மகள் அதை வாங்கி ஐஸ் பெட்டியின் மேல் வைக்கக் குனிந்தபோது குளியலறைக்குள் டிரில் மறுபடியும் ஊளையிட்டது.

பெட்டியின் கண்ணாடி நடுங்கியது. பக்கத்து வீட்டம்மாள் தரையில் வைத்திருந்த காபி டம்ளர் தானாகவே ஓரடி நடந்துபோய் வேறொருவர் முன்னால் நின்றது. அடுத்த தெரு நாய்கள் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தன. அந்தச் சத்தத்துக்கு அம்மாவே எழுந்து உட்கார்ந்து, "ஏங்க, கொஞ்சம் நிறுத்தறீங்களா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நேற்றுக் காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்து அழுதும் உறைக்காத விஷயம், மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"டேய் தம்பி!" அப்பாவின் அக்கா, மகளுக்கு அத்தை, நாற்காலியிலிருந்தபடியே குளியலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். எழுபத்தெட்டு வயதிலும் அந்தக் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. "பொண்டாட்டிய நடுவீட்ல கெடத்திட்டு சுவத்துல ஓட்ட போடற ஒரே ஆம்பள உலகத்துலயே நீதான்டா!"

"நாலு மணிக்குத்தானக்கா எடுக்கறாங்க?" உள்ளிருந்து பதில் வந்தது. "அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

ஒன்றரை மணி நேரமாக அதே பதில்தான்.

அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு பஸ்ஸைக்கூட அரை நிமிஷம் தாமதமாக விட்டதில்லை என்பார். பஸ் ஓட்டியவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். போகட்டும். குளியலறைக் கைப்பிடிக் கம்பியை வியாழக்கிழமைக்குள் மாட்டிவிடுகிறேன் என்று ஆஸ்பத்திரியில் அம்மாவின் காதில் சொல்லியிருந்தார். அம்மா புதன்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டாள். இன்று வியாழக்கிழமை.

கம்பியைக் கேட்டது அம்மாதான். மூன்று மாதத்துக்கு முன்னால், குளித்துவிட்டு எழும்போது தலை சுற்றுகிறது, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றாள். தையல்காரி. எதிரில் வருகிறவரைப் பார்த்தே கழுத்தளவு சொல்லிவிடுவாள், அரை நூல் பிசகாது. பாதித் தெருவின் இடுப்பளவு அவள் தலைக்குள் இருந்தது. அதனால்தான் பாதித் தெரு அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டது. துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் குளியலறை டைல்ஸில் இரண்டு பெருக்கல் குறி போட்டாள்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ஒரு இன்ச் மேல போனாலும் எனக்கு எட்டாது. உங்க உசரத்துக்கு மாட்டிட்டுப் போயிடாதீங்க."

குளித்தால் சாக்கு அழிந்துவிடும். மறுநாள் காலையில் அம்மா மறுபடி போடுவாள். அப்புறம் அது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. தினமும் போட்டாள், தினமும் அழிந்தது.

கம்பி அந்த வாரமே வந்துவிட்டது. சுவர் கான்கிரீட். துளை போட டிரில் வேண்டும். அங்கேதான் மகள் நுழைந்தாள்.

ஆஸ்பத்திரி ஒன்றில் சாமான் கொள்முதல் பார்ப்பவள். மூன்று கடையில் விசாரிக்காமல் குண்டூசி வாங்க மாட்டாள். "மாப்பிள்ளையையும் அப்படித்தான் எடுத்தா. மூணு பேரப் பாத்தா, இருக்கறதுலயே மட்டமானதுக்கு ஆர்டர் குடுத்தா" என்று அம்மா மாப்பிள்ளை காதுபடவே சொல்வாள். அப்பா கடையில் நின்றுகொண்டிருந்தபோது மகள் போன் போட்டாள்.

"பாட்டரி டிரில் வேணாம்பா, கான்கிரீட்டுக்குத் தாங்காது. சுத்தறதோட சேத்து சுத்தியல் மாதிரி அடிக்குமே, அந்த ஹேமர் டிரில். வயர் வச்சது. ஆனா எது நல்லதுன்னு நான் பாத்துச் சொல்றேன். பொறுங்க."

பார்த்தாள். பஸ்ஸில் போனை நோண்டியபடி பார்த்தாள், அடுப்பங்கரையில் பார்த்தாள். அறுநூற்றைம்பது வாட் போதுமா, எழுநூற்றைம்பதா? சாதாரண ஹேமரா, கட்டடம் இடிக்கிறவர்கள் வைத்திருக்கும் பெரியதா? ஒன்றுக்குப் பக்கவாட்டுக் கைப்பிடி ஆடுகிறது என்று எவனோ எழுதியிருந்தான். இன்னொன்று மூன்றாம் நாளே புகைந்துவிட்டதாம். இருபத்து மூன்று டிரில்களின் பிறப்பு வளர்ப்பெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும், "பாத்துட்டே இருக்கேன்பா" என்றாள். பதினோரு ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அம்மா ஈரத்தரையில் விழுந்தாள்.

உயிர் போனது விழுந்ததால் இல்லை, இதயம் ஏற்கெனவே பலவீனம் என்றார் டாக்டர். இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொன்னதில்தான் மகளுக்கு நம்பிக்கை போயிற்று.

விழுந்த அன்றே அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, "கம்பி என்னாச்சு?" என்று கேட்டாள். திங்கட்கிழமை அப்பா கடைக்கு ஓடி, கடைக்காரர் கைகாட்டிய டிரில்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாலு நிமிஷம் ஆயிற்று என்று தற்செயலாகச் சொன்னார். அந்த நாலு நிமிஷத்தை மகள் அன்றிலிருந்து பதினோரு ஞாயிற்றுக்கிழமையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய் உங்கப்பன இழுத்துட்டு வாடி," என்றாள் அத்தை. "வர்றவங்கல்லாம் வீட்ட இடிக்கறாங்களான்னு கேக்கறாங்க."

மகள் வயரைப் பிடித்தபடி போனாள். வீட்டில் நம்பகமான பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று, கூடத்தில். அதிலிருந்து வந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி அம்மாவின் தலைமாட்டில் கிடந்தது. ஒரு ஓட்டையில் ஐஸ் பெட்டி, இன்னொன்றில் டிரில்லுக்காக அப்பா கோத்து நீட்டிய வயர். துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் பாம்பைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனார்கள். குளியலறையில் டிரில் முறுக்கும்போதெல்லாம் ஐஸ் பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு மங்கித் தெளிந்தது.

அப்பா சுவரோடு நெற்றி முட்டுகிற மாதிரி நின்றிருந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது. உள்ளே கருகல் நாற்றம். ஒன்றரை மணி நேரப் போருக்குப் பிறகு சுவரில் இருந்தது ஒரு பொட்டளவு பள்ளம்.

அதற்குப் பக்கத்தில் இரண்டு சாக்குக் குறிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா போட்டவை. அப்புறம் அங்கே யாரும் குளிக்கவில்லை. தெரியாமல் தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று அப்பா அவற்றின் மேல் கண்ணாடி டேப் ஒட்டியிருந்தார்.

மகள் டிரில்லைப் பார்த்தாள். விசைக்கு மேலே ஒரு சின்னக் குமிழ். அது எந்தப் பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று இருபத்து மூன்று தடவை படித்திருக்கிறாள்.

"அப்பா. இது ரிவர்ஸ்ல இருக்கு."

"என்னது?"

"திருப்பிச் சுத்துது. இத்தன நேரமா சுவத்துலேருந்து ஓட்டைய வெளிய எடுத்துக்கிட்டு இருக்கீங்க."

அப்பா டிரில்லைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "அதான் பாத்தேன். என்னடா, சுவரு வளந்துகிட்டே வருதேன்னு."

இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு முட்டியது. கூடத்தில் யாரோ விசும்புவது கேட்டு இருவருமே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டிரில்லில் செருகியிருந்த துளையிடும் கம்பி, பிட், முனை நீலம் பாரித்துப் போயிருந்தது. அதற்காகத்தான் அப்பா கடைக்காரருக்குப் போன் செய்திருந்தார். இரண்டரை மணிக்குக் கடைக்காரர் வந்தார், ஒரு கையில் மலர்வளையம், சட்டைப் பையில் புது பிட். மலர்வளையத்தை வைத்தார். பெரிய உடம்புக்காரர், கடையில் வாங்கிய சட்டை எதுவும் பொத்தான் போட விடாது. பதினைந்து வருஷமாக அம்மா தைத்த சட்டைதான். அந்தச் சட்டையின் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு குளியலறை வாசலுக்கு வந்தார். துருவிப் பார்க்கும் ஆசையில் அத்தையும் பின்னாலேயே வந்தாள்.

"மனசு கேக்கல சார்," என்றார் கடைக்காரர். "மொத தடவ வந்தீங்களே, அன்னிக்கே எடுத்துட்டுப் போயிருந்தா... பேக் பண்ணவே ஆரம்பிச்சுட்டேன். அப்பப் பாத்து ஒரு போன் வந்துச்சு, பொறுக்கச் சொல்றாங்கன்னு வச்சுட்டுப் போனீங்க."

"போனா?" அத்தையின் காது நிமிர்ந்தது. "யாருடா அது போன்ல?"

மகள் குமிழை மறுபக்கம் தள்ளிவிட்டு, புது பிட்டை டிரில்லின் வாயில் செருகி, டிரில்லோடு வந்த சாவியால் முறுக்கினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அதற்கு மேல் சாவி திரும்பவில்லை. இருந்தும் முறுக்கினாள்.

"டிப்போலேருந்துக்கா," என்றார் அப்பா. "பழைய ஆளு ஒருத்தன். அது கெடக்கட்டும். அப்புறம் வாங்கிக்கலாம்னு நான்தான் இழுத்தடிச்சேன். என் புத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? பொறந்ததே பத்து நாள் லேட்டு. அம்மா படாத பாடு பட்டா." அத்தை பெருமூச்சு விட்டாள். "பாவம்டா உன் பொண்டாட்டி." கடைக்காரரை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.



அப்பா கம்பியைக் குறிகளின் மேல் பிடித்தார். இரண்டு முனையிலும் வட்டத் தகடு. ஒவ்வொன்றிலும் மூன்று துளை. பென்சிலால் ஆறு புள்ளி வைத்தார். டிரில்லுக்காகக் கையை நீட்டினார். மகள் அதைத் தரவில்லை.

"நான் போடறேன்," என்றாள் மகள்.

டைல்ஸ் தாண்டுகிற வரை சுத்தியல் கூடாது, மெதுவாக. முனை வழுக்காமல் இருக்க டேப்பின் மேலேயே வைக்க வேண்டும். கான்கிரீட் வந்ததும் நிறுத்தி, மேலே இருக்கும் இன்னொரு குமிழைச் சுத்தியல் படத்துக்குத் திருப்பி, மறுபடி. எல்லாம் படித்ததுதான். இரண்டு கிலோ கனத்தையும், அது கையை உதறுகிற உதறலையும் யாரும் எழுதியிருக்கவில்லை.

வெள்ளைத் தூள் வந்தது. அப்புறம் சாம்பல் தூள். ஊளை போய்ச் சடசடவென்று அடித்தது. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. முதல் துளைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மகள் டிரில்லை நிறுத்தினாள். அமைதியில் கூடத்திலிருந்து ஐஸ் பெட்டியின் முனகல் கேட்டது.

"அப்பா, அன்னிக்கு நான்தான் பொறுங்கன்னு..."

"ரெண்டு கையாலயும் புடிம்மா," என்றார் அப்பா. குனிந்து துளைக்குள் ஊதினார். தூள் பறந்து அவருடைய புருவத்தில் உட்கார்ந்தது. "ஒரு கையில புடிச்சா மணிக்கட்டு போயிடும்."

இரண்டு கையாலும் பிடித்தாள்.

ஆறு துளையும் முடிந்தன. திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்குகளை அப்பா துளைகளில் தட்டி இறக்கினார். கம்பியைப் பொருத்துவதற்கு முன், "டேப்ப உரிச்சிடட்டா?" என்று மகள் கேட்டாள்.

"இருக்கட்டும்."

தகடுகள் இரண்டும் சாக்குக் குறிகளை மூடிக்கொண்டு சுவரோடு உட்கார்ந்தன. அப்பா திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். பிறகு தள்ளி நின்று பார்த்தார். அவர் உயரத்துக்கு அது தொடைப் பக்கம்தான் வந்தது.

"யாராவது முழு எடையும் போட்டுத் தொங்கிப் பாக்கணும். அவ எடை உனக்குத்தான்."

எடை மட்டுமில்லை. மகள் கையைத் தொங்கவிட்டாள், கம்பி தானாகவே கைக்குள் வந்தது. முட்டியை மடக்கிப் பாரத்தை மெல்ல இறக்கினாள். கால்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. கம்பி முனகக்கூட இல்லை.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நாப்பது. இருவது நிமிஷம் முன்னாடியே."

கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. வண்டி வந்து வாசலில் நின்றது. "டேய், ஆளுங்க வந்துட்டாங்க, வாங்கடா!" என்றாள் அத்தை.

"விடும்மா. நிக்குது."

அவள் விடவில்லை. முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. தோளிலும் தலையிலும் சாம்பல் தூள்.

 அப்பா டிரில்லை எக்ஸ்டென்ஷன் வயரிலிருந்து கழற்றி, அதன் வயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்ற ஆரம்பித்தார். மூன்று மீட்டர் வயர். சுற்றி முடித்தார். கூடத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். "இதோ," என்று சொல்லிவிட்டு, சுற்றியதைப் பிரித்து, முதலிலிருந்து சுற்றத் தொடங்கினார்.