முந்நூறு பொய்க் காளைகள்

சோலையை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அதை மறைத்துப் பேசி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. காளவாசலில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. மொத்தம் பதினொரு பேர். நான் பாலகணேஷ், பன்னிரண்டு வருஷமாக அங்கே லோடு டெஸ்டிங் பார்க்கிறவன். ஒரு வெப்சைட்டில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்து விழுந்தால் அது தாங்குமா, படுத்துவிடுமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது என் வேலை. என் ரிப்போர்ட்டை எந்தப் பயலும் கேள்வி கேட்டதில்லை. சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத சோலை கேட்டான்.

கேட்டது அவன் ஊர் வேலையில்தான். செக்கானூரணிக்கு மேற்கே அவன் ஊர். ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு டோக்கன் கொடுப்பதில் அங்கே வருஷா வருஷம் அடிதடி. போன வருஷம் வரிசையில் ஒருவன் மண்டை உடைந்தது. விழாக் கமிட்டித் தலைவர் நல்லகாமன், சோலைக்குத் தாய்மாமன். அப்பா இல்லாத வீட்டை நடத்துகிறவரும் அவர்தான். ஆன்லைனில் கொடுத்தால் சண்டை வராது என்று மாமனிடம் மாதக்கணக்கில் மன்றாடி, வேலையை எங்களுக்கு வாங்கி வந்தவன் சோலை. மாமன் ஒன்றுதான் சொன்னாராம்: "ஏதாச்சும் தப்பு நடந்துச்சு, ஊருக்குள்ள காலெடுத்து வைக்காத." அதை அவன் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

நான் டெஸ்ட் ஓட்டினேன். இரண்டாயிரம் பேர், ஒரே நொடியில் பதில். முதலாளி ராமமூர்த்தி முன்னால் ரிப்போர்ட்டை வைத்தபோது சோலை தன் போனை நீட்டினான்.

"அண்ணே, ரிப்போர்ட்டு சரிதான். ஆனா என் போன்ல பதிவு பண்ற பட்டன் வர பதினாலு செகண்டு ஆகுதே?"

"உன் போனு ஓட்டைப் போனா இருக்கும்டா" என்றேன். ஆபீசே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் டூல் பக்கத்தைத் திறந்தே பார்க்காது. சர்வரிடம் கேள்வி அனுப்பும், பதில் வந்தால் சரி என்று குறித்துக்கொள்ளும். கடை வாசலில் நின்று "அரிசி இருக்கா?" என்று கத்தி, "இருக்கு" என்று சத்தம் வந்ததும் வாங்கியாயிற்று என்று வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி. இதற்கென்று ஓர் எக்ஸ்டென்ஷன் உண்டு. அதைச் சேர்த்து டூலைத் திரும்பக் கட்டினால் அது நிஜமான பிரவுசரையே திறக்கும். பட்டன் கண்ணில் படும்வரை காத்திருக்கும். காளையின் பெயரை அடித்து, பட்டனையும் அமுக்கும். எனக்கு அது தெரியும். யார் மெனக்கெடுவது என்று விட்டிருந்தேன்.

சோலை மெனக்கெட்டான். முப்பது பிரவுசர், ஒவ்வொன்றும் பத்து முறை பதிவு செய்யும்படி எழுதினான். கோளாறு இரண்டே நாளில் அகப்பட்டது. பக்கத்தின் தலையில் நன்கொடையாளர்கள் நாற்பது பேர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு போட்டோவும் பிளெக்ஸ் பேனருக்கு அடிக்கிற சைஸில். நாற்பதும் இறங்கின பிறகுதான் பட்டன் வந்தது. அவன் போட்டோக்களைச் சுருக்கினான். இரண்டு செகண்டில் பட்டன் வந்துவிட்டது.

ராமமூர்த்தி அவன் முதுகில் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பன்னெண்டு வருஷமா என்னய்யா பாத்துக்கிட்டிருந்தே?" நாங்கள் இருவரும் சௌராஷ்டிரக்காரர்கள், ஒரே தெரு. எங்கள் வீட்டுப் பேச்சில் கேட்டிருந்தால்கூடப் பொறுத்துப்போயிருப்பேன். எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழில் கேட்டார். அன்றைக்கு எனக்கு எரிந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பதிவுக்குப் போன் எண் வேண்டும். "டெஸ்டுக்கு என் நம்பரயே போடு, மெசேஜு எப்பிடி வருதுன்னு பாக்கணும்" என்று நல்லகாமன் மருமகனிடம் சொல்லியிருந்தார். அவனும் அதையே போட்டிருந்தான்.

அதுவரை ஓட்டியதெல்லாம் சோதனை சைட் என்று நாங்கள் வைத்திருந்த நகலில். சனிக்கிழமை மத்தியானம் சோலை தன் ஸ்கிரிப்ட்டை உண்மையான சைட்டுக்கே திருப்பி, ஒரு காளையைப் பதிந்து பார்த்து அழித்தோம். ஊருக்குக் கிளம்பும்போது சோலை என் மேசைக்கு வந்தான்.

"அண்ணே, நாளைக்கு இத ஓட்டுறதா இருந்தா சைட்டு அட்ரஸ ரெண்டு எடத்துல மாத்திருங்க. செட்டிங்ஸ்ல மாத்துறது பழைய டூலுக்குத்தான். பிரவுசருக்கு நான் எழுதுன ஸ்கிரிப்ட்ல தனியா இருக்கு."

"எனக்குப் பாடம் எடுக்காத. போடா, பஸ்ஸு போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு தொடக்கம். முந்நூறு டோக்கன். ஆபீசில் நானும் ராமமூர்த்தியும் மட்டும். "அந்தப் பிரவுசர் வித்தய ஒரு தடவ காட்டுய்யா" என்றார். சோலை இல்லாமல் என்னாலும் முடியும் என்று காட்ட இதைவிட்டால் வேறு நேரம் ஏது? செட்டிங்ஸில் சோதனை சைட்டின் அட்ரஸைப் போட்டேன். ஸ்கிரிப்ட்டைத் திறக்கவே இல்லை. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஓட்டினேன். முப்பது பிரவுசரும் திறந்து, பட்டனுக்காகக் காத்து நின்றன. நகலும் பத்து மணிக்குத்தான் திறக்கும்போல என்று இருந்துவிட்டேன். பத்து மணிக்குப் பட்டன் வந்தது. ஊர்க்காரன் விரலால் ஒரு பெயரை அடித்து முடிப்பதற்குள் கருப்பன் ஒன்று, செவலை இரண்டு, மயிலை மூன்று என்று முந்நூறு காளைகள் பதிந்து முடிந்தன.

"பாத்தீங்களா, ஒண்ணுகூடப் பெயிலாகல" என்றேன் பெருமையாக.

அடுத்த நிமிஷம் சோலையின் போன். அவன் குரலுக்குப் பின்னால் ஊரே கத்திக்கொண்டிருந்தது. டோக்கன் முழுவதும் தீர்ந்தது. நான் திறக்காத ஸ்கிரிப்ட்டில் உண்மையான சைட்டின் அட்ரஸே இருந்திருக்கிறது. பட்டியலில் முந்நூறு காளைக்கும் ஒரே போன் எண், நல்லகாமனுடையது. அவர் போனில் முந்நூறு மெசேஜ். அரை மணி நேரத்தில் அவர் சட்டையைக் கிழித்துவிட்டார்கள். நாங்கள் பொய்க் காளைகளை அழித்துப் பதினொரு மணிக்குத் திரும்பத் திறந்தோம். ஒருத்தனும் பதியவில்லை. திருட்டு டோக்கன் என்று பேராகிவிட்டது.

சாயங்காலம் காரில் கிளம்பினோம். நாகமலை தாண்டியதும் ராமமூர்த்தியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு சௌராஷ்டிரத்தில், "உன் பேரு வந்தா கம்பெனி பேரு போச்சு. அவன் அந்த ஊர்க்காரன். அவன்மேலயே இருக்கட்டும்" என்றார். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

ஊர்ப் பஞ்சாயத்து நடக்கிற மந்தையில் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். நல்லகாமன் கிழிந்த சட்டையை மாற்றாமலே உட்கார்ந்திருந்தார். சோலை எதிரில் நின்றான்.

"மாமா, நான் காலையிலருந்து ஒங்க பக்கத்துலதான நின்னேன்? ஓட்டுனது இவருதான்" என்று என்னைக் கை காட்டினான்.

"கம்ப்யூட்டருக்கு ஆளு பக்கத்துல இருக்கணும்னு இல்லண்ணே. நேரம் வச்சிட்டு வந்துட்டா அதுபாட்டுக்கு ஓடும்" என்றேன். பொதுவாகப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. கூட்டம் தலையாட்டியது.

"சூடம் அடிக்கச் சொல்லுங்கப்பா" என்றது ஒரு குரல். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அந்த ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை.

"அடிக்கிறேன். அவரும் அடிக்கட்டும்" என்றான் சோலை.

"ஊருக்கு வந்த விருந்தாளியச் சூடம் அடிக்கச் சொல்ற வழக்கம் நமக்கு இல்ல. நீ மட்டும் அடி" என்றார் நல்லகாமன்.

தட்டில் சூடம் எரிந்தது. தான் ஓட்டவில்லை என்று அவன் அடித்துவிட்டால் இருநூறு பேரும் என் பக்கம் திரும்புவார்கள். அவசரமாக எழுந்தேன்.

"அண்ணே, ஒரு நிமிசம். ஓட்டுனது யாருன்னு கேக்காதீங்க. கம்ப்யூட்டர்ல அதுக்கு ஆயிரம் வழி இருக்கு. அத எழுதுனது யாருன்னு கேளுங்க. ஒங்க நம்பர உள்ள போட்டது யாருன்னு கேளுங்க. அதுக்கு அடிக்கட்டும்."

சோலை என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், நம்ப முடியாத திகைப்புதான்.

"சொல்றா. எழுதுனது நீயா?"

"நான்தான் மாமா. ஆனா..."

"ஏ நம்பரப் போட்டது?"

"நீங்கதான மாமா போடச் சொன்னீங்க?"

உண்மைதான் சொன்னான் பாவி. முந்நூறையும் தானே சுருட்டினார் என்று பழி சுமந்து உட்கார்ந்திருக்கிற மனுஷன், ஊர் நடுவில் மருமகன் வாயாலேயே அந்தப் பழி உறுதியாவதைக் கேட்டார். அடுத்து விழுந்த அறை எங்கள் கார்வரை கேட்டிருக்கும். சோலை தட்டின் பக்கம் குனிந்தான். "நான்தான் எழுதுனேன். நான்தான் நம்பரப் போட்டேன்" என்று சொல்லி எரிகிற சூடத்தை அடித்தான். பொய்ச் சத்தியம் செய்யத் தெரியாதவனை என்ன சொல்ல?

"இனிமே ஒனக்கு இங்க ஊருமில்ல, வீடுமில்ல. ஒன் ஆத்தாளப் பாக்கணும்னுகூட இந்தப் பக்கம் வராத" என்றார் நல்லகாமன். கூட்டம் வழிவிட்டது. அவன் லேப்டாப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தான்.

எங்களைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று நல்லகாமன் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். இலை போட்டுப் பரிமாறியது அவர் தங்கை ஜெயக்கொடி, சோலையின் அம்மா. முகம் அழுது வீங்கியிருந்தது. கறிக்குழம்பை ஊற்றிவிட்டு என் இலைக்கு முன்னால் அப்படியே நின்றார்.

"பெத்தவ எனக்கே தெரியாமப் போச்சு தம்பி, அவன் இப்பிடிக் கெட்டு நிக்கிறது. நீங்களாச்சும் வந்து உள்ளதச் சொன்னீகளே. நீங்க நல்லா இருக்கணும்."

நான் தலையை ஆட்டினேன். குழம்பு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டேன்.