பதினொன்று பெரிதா, பதினைந்து பெரிதா?

என் புருஷன் ஜெகதீஸ்வரனுக்குச் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு மரியாதை உண்டு. இறாலைக் கையில் அள்ளினாலே கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று சொல்லிவிடுவார். தராசு பொய் சொன்னாலும் சொல்லும், ஜெகதீஸ்வரன் கை சொல்லாது என்று ஏரிக்கரையில் பேசிக்கொள்வார்கள். அந்தக் கையை நம்பித்தான் நான் லேப்டாப் வாங்கும் வேலையை ஒப்படைத்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

ஐந்து வருடமாக நான் ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். விடியற்காலை நாலரைக்கு எளாவூரில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். வீடு திரும்ப ராத்திரி எட்டாகிவிடும். மகள் மோகனப்பிரியாவுக்கு நாலு வயது. நான் கிளம்பும்போது தூங்குவாள், வந்து சேரும்போது சாப்பிட்டுக்கொண்டே தூங்கி வழிவாள். பால்வாடி டீச்சர் ஒருநாள் "உங்க அம்மா யாரு?" என்று கேட்டதற்கு, கூட்டிப்போக வந்த என் மாமியார் காந்தாவைக் கைகாட்டினாளாம். மாமியார் அதைப் பெருமையாக வந்து சொன்னார். அன்றைக்கே வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி நோயாளிகளின் படிவங்களைச் சரிபார்க்க வேண்டும். இடது பக்கம் டாக்டர் கையால் எழுதியது, வலது பக்கம் கம்ப்யூட்டரில் ஏற்றியது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தப்பைத் திருத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பரீட்சை. தொண்ணூறு நிமிடத்தில் எழுபது படிவம். தேறினால் வேலை, தவறினால் திங்கட்கிழமை மறுபடி நாலரை பஸ்.

கும்மிடிப்பூண்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் என் சித்தி மகன் லோகேஷிடம் என்ன லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டேன்.

"அக்கா, ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வெச்சுப் பாக்கணும்னா பதினஞ்சு புள்ளி ஆறு இஞ்ச் இல்லாம வேலைக்கு ஆவாது. அப்புறம் உங்க ஊடு ஏரியப் பாத்தாப்ல கீது. கண்ணாடி மாதிரி மின்னுற ஸ்கிரீன் வாங்கினேன்னு வெய்யி, நாள் பூரா உன் மூஞ்சியத்தான் பாத்துனு இருக்கணும். மேட் ஸ்கிரீன் வாங்கு, மின்னாது. ஐபிஎஸ்னு போட்டிருக்கணும், சைடுல இருந்து பாத்தாலும் கலர் மாறாது."

கம்பெனியில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ஒரு காகிதத்தில் '15.6, மேட், ஐபிஎஸ்' என்று எழுதி என் புருஷனிடம் கொடுத்து, ஆன்லைனில் ஆர்டர் போடச் சொன்னேன். "சைஸ் பாக்கறது எனக்குச் சொல்லித்தரியா நீ?" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயந்திரம்தான் பெட்டி வந்து சேர்ந்தது. நான் வேலையிலிருந்து வந்து கையைக்கூடக் கழுவாமல் பிரித்தேன். உள்ளே ஒரு லேப்டாப் குட்டி இருந்தது.

"இன்னாய்யா இது?"

"லேப்டாப்புடி."

"இதோட அம்மா எங்க?"

அவர் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. "நீ பதினஞ்சு புள்ளி ஆறுனு எழுதி வெச்சிருந்தே. நான் அத்தவிடப் பெருசாப் பாத்து பதினொண்ணு புள்ளி ஆறு போட்டேன். வெலையும் கம்மி. நீயா இருந்தா ஏமாந்திருப்பே."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இறால் வியாபாரத்தில் கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்பதுதான் சைஸ். முப்பது நின்றால் பெரிய இறால், நல்ல விலை. அறுபது நின்றால் பொடி. எண் குறையக் குறையச் சரக்கு பெரிது. பிறந்ததிலிருந்து இறால் முகத்திலேயே விழித்த மனுஷன், அதே கணக்கை லேப்டாப் தலையிலும் கட்டிவிட்டார்.

"டிவி முப்பத்திரெண்டு இஞ்ச்னு வாங்கினியே, அது இன்னா, கிலோவுக்கு முப்பத்திரெண்டு டிவியா?"

"டிவிக்குப் பக்கத்துல கிலோ போடல. இதுக்கு ஒரு கிலோ சொச்சம்னு அந்த நம்பருக்குக் கீழயே போட்டிருந்தான். நான் இன்னா பண்ணுவேன்?"

"சரி, மேட்னு எழுதினேனே, அது?"

"பாத்தேன். போட்டோவுலயே மங்கலா இருந்துச்சு, செத்து நாலு நாளான மீன் கண்ணு மாதிரி. கண்ணு பளபளன்னு இருந்தாத்தானே சரக்கு ப்ரெஷ்ஷு? மங்கின சரக்க எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

மாமியார் எட்டிப் பார்த்தார். "எம்புள்ள சரக்கு பாத்து வாங்கினா தப்பாவாது" என்றார். பிறகு அந்தத் திரையில் பார்த்துக் கோணலாயிருந்த தன் பொட்டைச் சரிசெய்துகொண்டார். விற்றவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டால், திருப்பி அனுப்பி மாற்ற ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பரீட்சைக்கு இன்னும் பதினைந்து மணி நேரம்தான் இருந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து பழகிப் பார்த்தேன். திரையில் முதலில் தெரிந்தது என் மூக்கு. மூக்குக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் வெயிலில் கண்ணைக் கூசும் ஏரி, ஏரியில் சடையன் மாமாவின் படகு. மாமா வலை இழுப்பதுகூடத் தெரிந்தது. படிவம் மட்டும் தெரியவில்லை. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தேன். இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்தெல்லாம் கருவாட்டுக் கூனி மாதிரி பொடியாகிவிட்டது. ஏழா ஒன்றா என்று தெரியவில்லை. சற்றே சாய்ந்து உட்கார்ந்தால் திரையே கறுத்துப்போனது. வேர்த்துக் கொட்டியது. கம்பளிக்குள்ளேயே அழுதேன். ஐந்து வருடம் கம்பெனியில் நின்றபோதுகூட அப்படி அழுததில்லை.

என் புருஷன் வாசலில் நின்று பார்த்தார். சமாதானம் சொல்ல வரவில்லை. வந்திருந்தால் சார்ஜரை எடுத்து எறிந்திருப்பேன். வெளியே போய் லோகேஷுக்குப் போன் போட்டார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத ஆள், என் தம்பியிடம் பத்து நிமிடம் திட்டு வாங்கியதைக் காதால் கேட்டேன். அந்த அழுகையிலும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

"டிவில சொருகிடலாமாம். கேபிள் இருந்தா போதுமாம்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். பத்து மணிக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பி வந்தபோது கையில் இரண்டு கேபிள். "ஒண்ணு செத்துப்போனா?" என்றார். சொருகியதும் சுவரில் இருந்த டிவியில் படிவம் விரிந்தது. பழைய டிவி, அதன் திரை மங்கல், ஏரி வெயில் அதில் ஒட்டவே இல்லை. எழுத்து ஒவ்வொன்றும் கொடுவா மீன் மாதிரி பெரிதாக நின்றது.

ஆனால் டிவிக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத்தான் வாரம் முழுக்க ஓடிய தொடரைச் சேர்த்துப் போடுவார்கள்.

"மூத்த மருமவளுக்கு வெஷம் வெச்சாளா இல்லியானு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார் மாமியார்.

"அத்தே, நான் இதுல தேறலன்னா உங்களுக்கு நானே வெக்கறேன்."

"வாயப் பாரு இவளுக்கு!" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போய், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

பரீட்சை ஆரம்பித்தது. லேப்டாப்பின் கேமராவில் என் முகம் மட்டும்தான் தெரிய வேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்லவேளை. இறால் எடை போட ஏரிக்கரையில் நிற்க வேண்டிய என் புருஷன் தெருமுனையில் நின்றுகொண்டு, ஹார்ன் அடிக்கிறவனையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். தெருவிலேயே பெரிய சத்தம் அவருடையதுதான்.

நாற்பத்தெட்டாவது படிவத்தில் எனக்குக் கண் எரிய ஆரம்பித்தது. சரி என்று அழுத்தப் போனேன். ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏண்டி பூவிழி, இந்தாண்ட இருவத்தேழுனு கீது, அந்தாண்ட எழுவத்திரெண்டுனு கீது. பாக்காமப் போறியே!"

மாமியாருக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மீன் விற்ற பழக்கத்தில் எண் மட்டும் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். பார்த்தேன். வயது. அது பிரசவ வார்டுப் படிவம். எழுபத்திரண்டு வயதுப் பாட்டிக்கு மூன்றாவது பிரசவம் ஆகியிருந்தது. அவசரமாகத் திருத்தினேன். இது நியாயமா என்று யாராவது கேட்டால், அவர்கள் ஐந்து வருடம் நாலரை பஸ்ஸில் போய்விட்டு வந்து கேட்கட்டும்.

புதன்கிழமை செய்தி வந்தது. தேறிவிட்டேன். எழுபதில் அறுபத்தேழு சரி, தேறுவதற்கு அறுபத்தேழாவது வேண்டும். இந்தக் கணக்கை மாமியாரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் காலம் பூராவும் என் சம்பளத்தை அவர் சம்பளம் என்பார்.

லேப்டாப் குட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த ஞாயிறு வேறொன்று வாங்க நானே லோகேஷோடு கடைக்குப் போனேன். கடை விளக்கில் எல்லாத் திரையும் சினிமா நடிகை மாதிரி ஜொலித்தது. நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு வந்தேன். நான் திருடிக்கொண்டு ஓடுகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் பின்னாலேயே வந்தார். வெயிலில் பளபளத்ததெல்லாம் என் மூஞ்சியைக் காட்டியது. பதினைந்து புள்ளி ஆறு இஞ்ச் மேட் திரை ஒன்று மட்டும் எழுத்தைக் காட்டியது. அதை வாங்கினேன். வீட்டில் என் புருஷன் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மோந்து பார்க்காததுதான் பாக்கி. "நல்ல சரக்குதான், ஆனா கண்ணு மங்கல்" என்றார்.

முதல் தேதி செவ்வாய்க்கிழமை. பழக்கதோஷத்தில் மூன்றரைக்கே விழித்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டாம் என்று ஞாபகம் வந்து மறுபடி மகள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். விடிந்து வெயில் உள்ளே வந்தபிறகு அவள் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமையாம்மா?"

"இல்லடி, செவ்வாக்கெழமை."

எழுந்து உட்கார்ந்தாள். பாட்டி செய்வது மாதிரியே புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப ஒனக்கு ஜொரமா?"