மாதாவுக்கு ஒரு கைப்பை

“தோடு குடுத்தனிதான். இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா நீ மாதாவுக்கு நேந்தது தோடோ?”

“மெல்லமாக் கதை, மச்சாள்.”

“ஏன் மெல்லமா? மாதாவுக்குக் கேட்டிடுமெண்டோ?”

எமில்டா அடுப்புப் பக்கம் திரும்பினாள். அவளுடைய அண்ணன் யாகப்புவின் மனைவி கலிஸ்ரா குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். திருநாளுக்கென்று உடுத்த நீலச் சேலையின் கரையெல்லாம் ஈரமணல். விடியமுன்னே கடற்கரைக்குப் போனவள், பூசைக்கு மணி அடித்தபோதும் திரும்பவில்லை. இப்போதுதான் வருகிறாள், வந்ததும் வராததுமாக இந்தக் கேள்வி.

யாகப்புவும் எமில்டாவின் ஒரே மகன் றஜித்தும் நேற்றுப் பின்னேரம் ஒரே போட்டில் போனவர்கள். மாதா திருநாளன்று அந்தக் கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. முதல்நாளே போய், திருநாள் சமையலுக்கு மீனோடு விடியலில் கரையேறிவிடுவார்கள். மற்றப் போட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. பூசை முடிந்தது. மாதாவின் சுருவம் ஊரைச் சுற்றி வந்து கோவிலுக்குள் ஏறியும்விட்டது. அந்த ஒரு போட் மட்டும் வரவில்லை. இரவு தெற்கே நேவியின் வேட்டுச் சத்தம் கேட்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். அது இடிமுழக்கம் என்று வேறு இரண்டு பேர் சொன்னார்கள். வானத்தில் ஒரு முகில்கூட இருக்கவில்லை.

“போன மாரியிலை உன்ரை பொடிக்கு மலேரியா தலைக்கேறி, கண் மேலை செருகிக் கிடந்தவனெல்லே,” என்றாள் கலிஸ்ரா. “அப்ப நானும் பக்கத்திலைதான் நிண்டனான். நீ என்ன சொல்லிக் கும்பிட்டனி? நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?”

“எனக்கு ஞாபகமில்லை.”

“எனக்கு ஞாபகம். ‘தாயே, என்னட்டை இருக்கிறதிலை எனக்கு ஆசையானதைத் தாறன், என்ரை பிள்ளையைத் தா.’ அப்பிடித்தானே? அந்தத் தோட்டிலை உனக்கு எந்த நாள் ஆசை இருந்தது? காதிலை கிடந்தாப் பாரமெண்டு கழட்டி மிளகாய்த்தூள் போத்திலுக்கை போட்டு வைச்சிருந்தனி.”

ஒரு சொல்லும் பொய்யில்லை. எமில்டாவின் கண் தன்னையறியாமல் உள்ளறைப் பக்கம் போனது. அங்கே ரங்குப் பெட்டிக்குள், றஜித்தின் ஞானஸ்நானத்துக்குப் போர்த்திய வெள்ளைத் துணிக்குள், அந்தக் கைப்பை இருந்தது. கலிஸ்ரா அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள்.

எமில்டாவுக்குக் கைப்பைப் பைத்தியம் பிடித்தது ஒன்பது வயதில். கன்னியர்மடத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறை போட ஒரு சிஸ்டர் வெளிநாட்டுப் பத்திரிகைத் தாள்களைக் கிழித்துக் கொடுப்பா. எமில்டாவின் கணக்குக் கொப்பிக்கு வந்த தாளில், மழைக்கோட் போட்ட ஒரு பெண் ரயிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் எமில்டாவின் மனதில் நிற்கவேயில்லை. கையில் இருந்த பைதான் நின்றது: பெட்டிபோல் நிமிர்ந்த உடம்பு, ஒரு மூடி, மூடியில் விரல்நுனி அளவு பூட்டு, அதன் பாரத்தில் சற்றே வளைந்த மணிக்கட்டு. அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று யோசித்தபடி எத்தனையோ பின்னேரங்கள் போயின. கொப்பி முடிந்துவிடுமே என்று கணக்குகளை எறும்பெழுத்தில் எழுதினாள். அதற்கு அடியும் வாங்கினாள்.

வளர்ந்த பிறகும் திருநாள் கூட்டத்தில் மற்றப் பெண்கள் சேலைகளைப் பார்க்க, அவள் கொழும்பிலிருந்து வந்தவர்களின் கைகளைப் பார்த்தாள். புருசன் கடலோடு போய், மகனைக் கலிஸ்ராவிடம் விட்டுவிட்டு வீட்டுவேலைக்கென்று குவைத்துக்குப் போனபோதுதான் உண்மையான பைகளைக் கண்டாள். அந்த வீட்டு எசமானியை ‘மடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும்; மடத்துக்குப் பைகளுக்கென்றே ஓர் அலுமாரி இருந்தது. வியாழக்கிழமைகளில் ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய துணியால் துடைத்து வைக்க வேண்டும். சமையல், கழுவல், கூட்டல் எல்லாவற்றையும் அவள் உடம்பு செய்தது. வியாழக்கிழமை வேலையை மட்டும் அவளே செய்தாள். மண்ணிறத்தில் ஒன்று இருந்தது. அதே மூடி, அதே பூட்டு. தையல் நூல் ஒவ்வொரு துளையிலும் ஒரே சாய்வில் படுத்திருந்தது. மழை ஓயாத ஏதோ ஒரு பட்டணத்தில், யன்னலோரம் குனிந்திருந்து இதைத் தைத்தவர் பசித்திருந்தாரா, பாடிக்கொண்டிருந்தாரா என்று அவள் நினைத்துப் பார்ப்பாள்.

சதாமின் ஆமி வந்த கிழமை மடத்தின் குடும்பம் காரில் தப்பியது. காரில் எமில்டாவுக்கு இடம் இருக்கவில்லை. மடம் அலுமாரியைத் திறந்து, சரியாக அந்த மண்ணிறப் பையை எடுத்து, பாஸ்போட்டையும் பேரீச்சம்பழங்களையும் உள்ளே வைத்து, அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, “இது உனக்குத்தான்” என்றாள். ஜோர்தான் எல்லை மணலில் எமில்டா அதைத் தலைக்கு வைத்துப் படுத்தாள்.

ஊருக்கு வந்த பிறகு அதற்குள் எதையும் வைக்கவுமில்லை, தெருவுக்குக் கொண்டுபோகவுமில்லை. வடிவம் குலையாமல் பழைய பேப்பரைத் திணித்து வைத்தாள். உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடிக்காமல் நிழலில் உலர்த்தினாள். குண்டு போட பொம்மர் விமானம் வந்தால் சனம் காணி உறுதியோடு பங்கர்க் குழிக்குள் பாயும். அவள் துணியில் சுற்றிய பையோடு பாய்வாள். ‘பாக் எமில்டா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த இரவு நேர்த்தி வாயிலிருந்து வந்தபோது அவள் மனக்கண்ணில் பைதான் நின்றது. காய்ச்சல் விட்டு றஜித் எழும்பிக் கஞ்சி கேட்டபோதோ, மனம் பேரம் பேசத் தொடங்கியிருந்தது. மாதா பையை வைத்து என்ன செய்வா? தங்கம் என்றால் தங்கம்.

“நீ குவைத்திலை பாக் துடைச்சுக்கொண்டிருந்த காலமெல்லாம் உன்ரை பிள்ளைக்குச் சோறு தீத்தினது நான்,” என்றாள் கலிஸ்ரா. அவள் அழவில்லை. அதுதான் எமில்டாவைப் பயப்படுத்தியது. “இப்ப அவனோடை என்ரை மனுசனும் போட்டிலை. நேந்ததைக் குடு.”

எமில்டா உள்ளே போனாள்.

கோவில் வளவுப் பூவரசின் கீழ் ஏலம் தொடங்கியிருந்தது. நேர்த்திப் பொருட்கள் மேசையில் கிடந்தன: பூசணிக்காய்கள், கால் கட்டிய சேவல்கள், இரண்டு சாரத் துணிகள், ஓலைப்பெட்டியில் கருவாடு. கோவில் அலுவல்களைப் பார்க்கிற மூப்பர் செபமாலை தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார். ஆனால் சனத்தில் பாதி அவருக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி நின்றது. ஏலத்தை நிற்பாட்டுவோமா என்று ஒருவர் கேட்டதற்கு, “நிப்பாட்டினா இது செத்தவீடாப் போயிடும், பேசாமல் நில்” என்று மூப்பர் எரிந்துவிழுந்திருந்தார்.

எமில்டா வெள்ளைத் துணியை அவிழ்த்துப் பையை மேசையில், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே வைத்தாள். சேவல் கழுத்தைச் சரித்து அதைப் பார்த்தது.

“என்னடி பிள்ளை இது?”

“நேத்தி, மூப்பர்.”

“மாதா என்ன, சந்தைக்குப் போகப்போறாவோ?”

இரண்டொருவர் சிரித்தார்கள். விசுவமடுவிலிருந்து சைக்கிளில் கருவாடு வாங்க வந்திருந்த வியாபாரி இளையதம்பி எட்டிப் பார்த்தார். “இதுக்கை எத்தினை கிலோ கருவாடு கொள்ளும், தங்கச்சி?” என்றார். சிரிப்புக் கொஞ்சம் கூடியது. அத்தனை நேரம் இறுகிக் கிடந்த சனத்துக்கு அது தேவையாக இருந்தது.

“என்ரை பிள்ளைக்காக நேந்தது,” என்றாள் எமில்டா. சிரிப்பு நின்றது.

மூப்பர் அவளைக் கையைப் பிடித்து மரத்தின் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“பொடிக்கு வருத்தம் வந்தநேரம் நேந்த நேத்தியைப் போன வருசக் கடைசியிலையே தோடாக் குடுத்திட்டாய். நான்தான் கைநீட்டி வாங்கினனான்.”

“அது நேந்த சாமான் இல்லை.”

“தெரியும்.” மூப்பர் குரலைத் தாழ்த்தினார். “இந்த ஊரிலை ஆருக்குத் தெரியாது? உன்ரை ஆசை எதிலையெண்டு கேட்டாச் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனா இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லேல்லை. இப்ப நீயே மேசையிலை வைச்சு, மாதாவை ஏமாத்தினனான் எண்டு சொல்லப் போறாய். போட் வந்தாச் சரி. வராட்டி? அந்த ரெண்டு உயிரையும் உன்ரை தலையிலைதான் கட்டுவாங்கள். பிறகு இந்தக் கரையிலை இருப்பியோ?”

“வராட்டி நான் ஏன் இருக்கோணும்?”

மூப்பர் திரும்பி மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“இன்னொண்டையும் யோசி,” என்றார். “வழமை தெரியுமெல்லே? நேந்த வீட்டார் ஏலம் கேக்கேலாது. வேறை ஆரும் கேக்காட்டி, சாமான் நேந்தவவிட்டையே திரும்பிப் போகும். மாதா வேண்டாமெண்டு சொன்ன கணக்கு. அதுக்குப் பிறகு நீ மாதாவுக்கு ஒரு நேத்தியும் வைக்கேலாது. இந்தச் சாமானை இங்கை ஆர் கேப்பினம்? கொண்டு போ. வருங்காலம் பாப்பம்.”

“ஏலம் கூறுங்கோ, மூப்பர்.”

அவர் மேசைக்குத் திரும்பினார். பையின் பிடியில் கையை வைத்தவர், அதன் பாரத்தை எதிர்பார்க்காததுபோல் ஒருமுறை தாழ்த்தி, பிறகு உயர்த்திப் பிடித்தார். மத்தியான வெயில் பூட்டில் பட்டது. அத்தனை வருடங்களில் முதல்தடவையாக அது ஊரின் வெளிச்சத்தில் நின்றது. எமில்டாவுக்கு உடுப்பின்றி நிற்பதுபோல் இருந்தது.

“எமில்டா மகனுக்காக மாதாவுக்கு நேந்த பாக். கேக்கிற ஆக்கள் கேளுங்கோ.”

விசயம் ஒரு வாயிலிருந்து மறுவாய்க்குப் போவதை அவள் பார்த்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தோடு என்ற சொல் இரண்டு மூன்று இடத்தில் கேட்டது. பிறகு எல்லாக் கண்களும் அவளிடம் வந்து நின்றன. இளையதம்பி விளையாட்டாகக் கையைத் தூக்கப் போனார். பக்கத்தில் நின்ற கிழவர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“தம்பி, சும்மா இருங்கோ. வராத போட்டின்ரை சாமான்.”

“கேளுங்கோ,” என்றார் மூப்பர். “நல்ல தோல். கடுதாசி வைக்கலாம், அடையாள அட்டை வைக்கலாம். பங்கருக்கு நல்லது.”

ஒருவரும் விலை சொல்லவில்லை. சேவல் ஒருமுறை சிறகடித்தது. கடல் பக்கமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

“ஒருதரம்.”

எமில்டா தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் கேட்கப் போவதில்லை. பை திரும்பி வரும். வெள்ளைத் துணியில் சுற்றி, பேப்பரைப் புதிதாகத் திணித்து, பூட்டில் பட்ட மூப்பரின் விரல்வேர்வையைத் துடைத்து… அந்த நினைப்பு ஒரு பூனையைப்போலச் சத்தமில்லாமல் வந்து மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. நெஞ்சு இளகியது. விடியலிலிருந்து முதல்தடவையாக அவள் ஒழுங்காக மூச்சுவிட்டாள்.

அந்த மூச்சின் பாதியில்தான் அது என்னவென்று அவளுக்கு விளங்கியது.

பிள்ளை கடலில். அவள் சந்தோசப்படுகிறாள்.

“ரெண்டுதரம்,” என்றார் மூப்பர். சொல்லிவிட்டு நிறுத்தினார். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மூன்றாவதைச் சொல்ல அவருக்கும் விருப்பமில்லை என்பது தெரிந்தது.

எமில்டா சனத்தைப் பார்த்தாள். அவள் பார்வை பட்டவர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பினார்கள். பிள்ளை வைத்திருந்த ஒருத்தி பிள்ளையின் முகத்தையும் சேர்த்துத் திருப்பினாள். வளவின் கடைசியில், கடலுக்குப் போகிற ஒழுங்கையின் வாயில், செபமாலைக் கொட்டைகளை விரலில் சுற்றிக்கொண்டு கலிஸ்ரா நின்றாள். அவள் அடுத்த வளவு, வேறு உலை; நேந்த வீட்டாரில் சேர்த்தியில்லை. அவள் கேட்கலாம். இந்தக் கூட்டத்தில் அந்தப் பையை ஒருநாளும் விரும்பாதவளும் அவள்தான். அதைத் தொடச் சொன்னால் கையை வெட்டிக்கொள்வாள்.

சனம் விலகி வழிவிட்டது. எமில்டா அவள் முன்னால் போய் நின்றாள். கலிஸ்ரா அவளைப் பார்க்கவில்லை. எமில்டாவின் தோளுக்கு மேலால் மூப்பரின் கையையும், அந்தக் கையில் தொங்கியதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் செபத்தில் அசைந்தன. பிறகு அசைவு நின்றது.

“மச்சாள்,” என்றாள் எமில்டா. “நான் குடுத்திட்டன். ஆனா அது திரும்பி வரப்போகுது. திரும்பி வாறதைத்தான் என்ரை மனம் கேக்குது, மச்சாள், இப்பவும் கேக்குது. எனக்கு அதை நிப்பாட்டத் தெரியேல்லை. நீ ஏலத்திலை ஒருக்காக் கேள். ஒரு சதமெண்டாலும் கேள்.”