பிரேக் சரியாக உள்ளது

பேட்டரியின் முனையில் வெளிர்பச்சையாகப் பூத்திருந்த உப்பின்மேல் ஷரஃபுதீன் வெந்நீரை மெல்ல ஊற்றினான். உப்பு நுரைத்துக் கரைந்து கீழே வடிந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் முனையைச் சுற்றித் தேய்த்து, துணியால் துடைத்து, கிளாம்பை மாட்டி ஸ்பானரால் இறுக்கினான். மந்தைவெளியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் காற்றே இல்லை. காலை பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இப்ப அடிச்சுப் பாருண்ணே."

டிரைவர் முனியன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இரண்டு நாளாக டிக் டிக் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

"புது பேட்டரி வாங்கணுமான்னு ஐயா கேக்கச் சொன்னாரு பாய்."

"வாணாம்ணே. பேட்டரி நல்லா கீது. உப்பு பூத்து கரண்ட் போவல, அவ்ளோதான்."

முனியன் இறங்கவில்லை. காலால் பெடலை அழுத்திப் பார்த்துக்கொண்டே தயங்கினார். "இந்த பிரேக்க மட்டும் ஒரு வாட்டி பாரேன். நாலு நாளா கால் உள்ள போய்க்கினே கீது. ரெண்டு மிதி மிதிச்சாத்தான் புடிக்குது."

ஷரஃபுதீன் செல்போனைப் பார்த்தான். வீட்டுக்கே போய் வண்டி பார்க்கும் கம்பெனியில் அவன் சேர்ந்து இரண்டு வருடம். ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம். முப்பத்தைந்து ஆகிவிட்டது. அடுத்த வேலை அடையாறில், பதினொரு மணிக்கு. ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுக்க இன்னும் இருபது நிமிடமாவது வேண்டும். இந்த வாரம் இரண்டு முறை தாமதம் விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் இரண்டு நாளைக்கு செல்போனில் வேலை எதுவும் காட்டாது.

பானட்டுக்குள் இருந்த பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தான். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. பிரேக் ஆயில் தானாக வற்றாது, குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அது அவனுக்குத் தெரியும். பையிலிருந்த பாதி பாட்டிலை எடுத்து மேல்கோடுவரை நிரப்பினான்.

"இப்ப மிதி."

"பரவால்ல போலக் கீது."

"அடுத்த சர்வீஸ்ல வீலைக் கழட்டிப் பாத்துடலாம்ணே. இப்போதிக்கு ஓட்டு."

செல்போனில் வரும் கம்பெனிப் படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்பினால்தான் வேலை முடிந்ததாகக் காட்டும். கட்டைவிரல் பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கீழே இறங்கியது. விளக்கு, வைப்பர், டயர். பிரேக்: சரியாக உள்ளது. முனியன் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான்காம் நாள் அதே முகவரி மறுபடியும் வந்தது. 'விபத்துக்குப் பின் பரிசோதனை' என்று போட்டிருந்தது.

காரின் இடது முன்பக்கம் நசுங்கி, விளக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வண்டியின் சொந்தக்காரர் விஜயராகவன் நின்றிருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டியும் பனியனுமாக இறங்கி வந்திருந்தார்.

"நீதானேப்பா அன்னிக்கு வந்தது? நேத்து கார்த்தால முனியன் மார்க்கெட் கிட்ட டிரான்ஸ்ஃபார்மர் சுவத்துல கொண்டு மோதிட்டான். நானும் ஆத்துக்காரியும் வண்டில இல்லை, நல்ல வேளை. கேட்டா பிரேக் பிடிக்கலைங்கறான். மூணு நாள் முன்னாடிதான் நீ செக் பண்ணி, எல்லாம் சரியா இருக்குன்னு குடுத்துட்டுப் போயிருக்கே. அப்புறம் எப்படிப் பிடிக்காமப் போகும்? தூங்கியிருப்பான். இல்லேன்னா செல்லைப் பாத்துண்டு ஓட்டியிருப்பான்."

"அவருக்கு இன்னா சார் ஆச்சு?"

"வலது கை முறிஞ்சுடுத்து. ஆஸ்பத்திரிக்கு வேண்டியதைப் பண்ணிட்டேன். ஆனா இனிமே வேலைக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு. பதினோரு வருஷம் இருந்தான். பாவமாத்தான் இருக்கு. பயமாவும் இருக்கே."

அவர் மேலே போனதும் ஷரஃபுதீன் பின்பக்க இடது சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்தான். சக்கரத்தை எடுத்ததும் தெரிந்துவிட்டது. உட்புறம் முழுக்க ஆயில் வழிந்து, புழுதி அதில் ஒட்டிக் கறுப்புச் சேறாகத் தடித்திருந்தது. டிரம்மைக் கழற்றினான். பிரேக் ஷூ இரண்டும் ஆயிலில் ஊறியிருந்தன. பிரேக் ஆயிலைத் தாங்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து விரலோடு வந்தது. இந்தச் சேறு ஒரு நாளில் சேர்ந்ததல்ல. அன்றைக்கு இந்தச் சக்கரத்தைக் கழற்றியிருந்தால் பத்தாவது நிமிடம் பார்த்திருப்பான்.

கீழே உட்கார்ந்தபடியே சூப்பர்வைசர் கிஷோருக்கு போன் செய்தான்.

"ஜி, இது மோதினதுல வந்த லீக் இல்ல. முன்னாடியே இருந்திருக்கு. டிரைவர் அன்னிக்கே சொன்னாரு. நான்தான் பாக்கல."

"டிக் அடிச்சிருக்கீங்களே ஜி?"

ஷரஃபுதீன் கிழிந்த ரப்பரை விரலில் உருட்டினான்.

"சரி, நான் சொல்றதக் கேளுங்க. நீங்க இப்படி எழுதினா கம்பெனிக்குப் பிரச்சினை. உங்க ஐடி இன்னிக்கே க்ளோஸ். மோதின அதிர்ச்சியில சிலிண்டர் லீக்குன்னு போடுங்க. இன்ஷூரன்ஸும் ஒழுங்கா வந்துரும். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"அந்த டிரைவருக்கு?"

"அவரு நம்ம ஆளா ஜி?"

கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு ஷரஃபுதீன் எழுதினான். 'மோதிய அதிர்ச்சியால் பின் சக்கர சிலிண்டர் பழுது.' அனுப்பியபோது திரையில் ஆயில் ரேகை படிந்தது.

அதன்பிறகு போன இடங்களிலெல்லாம் அவன் சக்கரத்தைக் கழற்றினான். ஏசி வேலைக்குக் கூப்பிட்ட வீட்டில் கழற்றினான். ஹாரன் அடிக்கவில்லை என்று கூப்பிட்ட வீட்டில் கழற்றினான். "இத யாரு உங்களக் கேட்டது?" என்று தி.நகரில் ஒரு அம்மா சத்தம் போட்டார். மூன்றாவது தாமதமும் விழுந்தது. வேலை இல்லாத அந்த இரண்டு நாளும் தன் தெருவில் நின்ற ஸ்கூட்டர்களின் பிரேக்கை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தபடி நடந்தான். மனைவி ஜுவேரியா மாடியிலிருந்து பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க ஆச்சு உங்களுக்கு? சாப்பாடும் எறங்கல."

"ஒண்ணுமில்ல" என்றான். சோற்றைப் பிசையும்போது விரலிலிருந்து பிரேக் ஆயில் வாடை வருவதுபோல இருந்தது. எழுந்து போய் மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினான்.

மூன்று வாரம் கழித்துப் பெசன்ட் நகரில் ஒரு வேலை வந்தது. முனியன் அங்கே கடலோரத்து ஊரூர் குப்பத்துக்காரர் என்பது அவனுக்குத் தெரியும். வேலையை முடித்துவிட்டு பைக்கைக் கடற்கரைப் பக்கம் திருப்பினான். சந்தின் முனையில் பலகைமேல் சங்கரா மீனும் வவ்வால் மீனும் பரப்பி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"டிரைவர் முனியன் வூடு எதும்மா?"

"நான் அவரு பொஞ்சாதிதான். நீ யாரு?"

"மெக்கானிக்கு."

குப்பம்மா தண்ணீரில் கையை அலசிக்கொண்டு அவனை உள்ளே கூட்டிப் போனாள். முனியன் பிளாஸ்டிக் நாற்காலியில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா பாய், வா. ஒருத்தரும் வரல, நீ வந்துட்ட. குப்பு, டீ சொல்லு."

"டீலாம் வாணாம்ணே. வலி எப்டி கீது?"

"வலி கெடக்குது." முனியன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "முன்னாடி ஸ்கூட்டில ஒரு அம்மா, பின்னால ஸ்கூல் பையோட புள்ள. சிக்னல்னு டக்குனு நின்னுட்டாங்க. மிதிச்சேன்னுதான் பாய் எனக்கு நெனப்பு. நிக்கல. லெஃப்ட்ல ஒடிச்சு சுவத்துல உட்டுட்டேன். ஆனா நீ ஆயில் ஊத்தினப்புறம் நல்லாத்தான் புடிச்சுது, பிரேக் நல்லா கீதுன்னு பேப்பர்லயே போட்டுக் கீதாம். ஐயா காமிச்சாரு. ஒருவேள கண்ணு அசந்துட்டேனோ என்னவோ. அம்பத்தெட்டு ஆவுதுல்ல. இனிமே வண்டியத் தொடக் கூடாதுன்னு கீறேன்."

ஷரஃபுதீன் தரையில் உட்கார்ந்தான்.

"அந்தப் பேப்பர் நான் எழுதினதுண்ணே. பாக்காமயே எழுதினேன். அப்புறம் வந்து கழட்டினேன். பின்னால சிலிண்டர் கிழிஞ்சு போயிருந்துச்சு. மோதறதுக்கு முன்னாடியே. அத மாத்தி எழுதிட்டேன்."

வெளியே யாரோ மீன் விலை கேட்டுக் கூப்பிட்டார்கள். குப்பம்மா போகவில்லை.

"அப்ப நான் தூங்கல?" என்றார் முனியன்.

"தூங்கலண்ணே."

"மிதிச்சேன்?"

"மிதிச்சிருக்க. ஆயிலு இல்ல."

முனியன் இடது கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று ஷரஃபுதீன் காத்திருந்தான். குப்பம்மாதான் பேசினாள்.

"மூணு வாரமா எழுந்து எழுந்து உக்காந்துக்கினு 'தூங்கிட்டேனா குப்பு, தூங்கிட்டேனா'ன்னு என்னைக் கேட்டுக்கினு கீது இந்த மனுசன். நான் இன்னான்னு சொல்லுவேன்? ஆமா, தூங்கித்தான் இருப்பன்னு நானே ஒரு வாட்டி திட்டிட்டேன்யா. நீ இப்ப வர்ற." அவள் வாசல் பக்கம் கையை நீட்டினாள். "இங்க சொல்லி இன்னா? வந்து அங்க சொல்லு."

அன்று மாலை ஷரஃபுதீன் நடந்ததை எல்லாம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினான். காலையில் செல்போனைத் திறந்தபோது அவன் பெயர் இருந்த இடத்தில் 'அனுமதி இல்லை' என்று வந்தது.

ஒன்பது மணிக்கு அவனும் முனியனும் விஜயராகவன் வீட்டு வாசலில் நின்றார்கள். ஷரஃபுதீன் சொல்லி முடிக்கும்வரை அவர் கதவைப் பிடித்தபடியே கேட்டார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும் சார்."

"இப்ப வண்டியே ரெடியாகி வந்துடுத்து. நீ எழுதினதை வெச்சுண்டுதான் இன்ஷூரன்ஸ்ல பாஸ் பண்ணியிருக்கா. இப்ப போய் மாத்திச் சொன்னா என்னைன்னா கேப்பா?" அவர் முனியன் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "நீ தூங்கலைங்கறதை நான் நம்பறேன் முனியா. மனசுக்கு நிம்மதியா இருக்கு. ஆனா ஒண்ணாந்தேதிலேர்ந்து புது ஆள் வந்தாச்சு. அவனை இப்ப எப்படிப் போகச் சொல்றது? அவனும் புள்ளகுட்டிக்காரன்."

"சரிங்கய்யா" என்றார் முனியன்.

ஷரஃபுதீன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முனியன் அவன் தோளைத் தொட்டு, "வா பாய், போலாம்" என்றார். விஜயராகவன் உள்ளே போய் ஒரு பையில் மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். முனியன் வாங்கிக்கொண்டார்.

கீழே காவலாளியோடு சற்று நேரம் பேசிவிட்டு அவர்கள் கேட்டுக்கு வந்தபோது பின்னால் காரும் வெளியே வந்தது. இளைஞன் ஒருவன் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில் விஜயராகவனும் மனைவியும் இருந்தார்கள். தெருவில் தண்ணீர் லாரி நின்று பாதி வழியை அடைத்திருந்தது. மிச்ச வழியில் ஆட்டோக்கள் நுழைந்துகொண்டிருந்தன. கார் ஓர் அடி நகர்வதும் நிற்பதுமாகத் திணறியது.

முனியன் மாம்பழப் பையை ஷரஃபுதீனிடம் கொடுத்துவிட்டுத் தெரு நடுவே போனார். இடது கையை உயர்த்தி ஆட்டோக்களை நிறுத்தினார்.

"வா, வா... லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. லாரி படாது, நான் பாத்துக்கறேன், வா..."

புதியவன் கண்ணாடியில் அவர் கையைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் வந்தான். வண்டி நேரானது. ஏசிக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். கார் அவரைக் கடந்து முனை திரும்பிய பின்னும் முனியன் தூக்கிய கையோடு அங்கேயே நின்றார். நிறுத்தி வைத்திருந்த ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.