அறுபதுக்கு ஐந்து குறைவு

பரீட்சையில் தேறினால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும் என்றுதான் கேட்காரர் நினைத்திருந்தார். இப்போது வேலை பார்க்கிற அதே கட்டடத்தின் கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதியவர். தானாகப் படித்து மாடியேறி, கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்குள் யார் நுழையப் பார்க்கிறார்கள் என்று திரையைக் காவல் காக்கிற வேலைக்கு வந்தார். பெயர் மட்டும் கீழேயிருந்தே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "கீழே உக்கார நாற்காலி கிடையாது, இங்க எந்திரிக்க நேரம் கிடையாது" என்பார்.

பரீட்சை பாதிக் கிணறுதான். தகவல் பாதுகாப்பு வேலையில் ஐந்து வருஷம் இருந்திருக்க வேண்டும். இருந்தார் என்று, ஏற்கெனவே அந்தச் சான்றிதழ் வாங்கிய ஒருவர் உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். பிரிவில் அதை வாங்கியிருந்தவர் பிரிவை நடத்துகிற மேடம் ஒருவர்தான்.

மாசக் கடைசிக்குள் சான்றிதழைக் காட்டினால் பகல் ஷிப்டின் பொறுப்பு கேட்காரருக்கு. பொறுப்பு அவருக்குப் பெரிசில்லை, ராத்திரி ஷிப்டில் இருக்கிறவருக்குப் பகல்தான் பெரிசு. மகள் போன பிறகு மனைவி ராத்திரியெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் அவர் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் கண்ணை மூடுகிறாள்.

ஆபீஸ் கொடுத்த கடிதத்தில் அறுபது மாதம் இருந்தது. அதில் ஐந்து மாதம் பொய். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து மாதம் அவர் வேலைக்கே வரவில்லை. லீவெல்லாம் தீர்ந்திருந்தது. மேடம்தான் அவருடைய வருகைப் பதிவு அட்டையைக் கேட்டு வாங்கி, தினமும் வாசலில் அவருக்காகவும் ஒரு தரம் தேய்த்தார். மற்றவர்கள் அவர் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் அட்டையைத் தேய்த்தால் வேலை போகும் என்று கம்பெனி முழுக்கப் பாடம் எடுக்கிற பிரிவு அது. ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சொல் வெளியே போகவில்லை.

எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை என்று படிவம் கேட்டது. அந்த ஐந்து மாதத்துக்கு வந்ததும் அவருக்குக் கை ஓடவில்லை. எந்த நர்ஸ் குத்தினால் முதல் குத்திலேயே நரம்பு கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட மாதங்கள் அவை.

வீட்டில் சொன்னார். பகல் ஷிப்டு என்றதும் மனைவியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த ஐந்து மாதத்தையும் சேர்த்துத்தான் கணக்கு காட்ட வேண்டும் என்றதும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"அப்போ, நீங்க ஆபீஸ்லதான் இருந்தீங்கன்னு எழுதணுமா?"

அவள் மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் அவர் நீட்டிய படிவத்தில் ஐம்பத்தைந்து என்று இருந்தது. மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"கேட்ல லாரி எண்ணினவருக்கு மாசம் எண்ணத் தெரியலையா? லெட்டர்ல அறுபது இருக்கு."

"அது லெட்டர், மேடம்."

மேடம் நெடுநேரம் பேசினார். இதையெல்லாம் யாரும் தோண்டப்போவதில்லை. அட்டையைத் தேய்த்த பாவம் தன்னோடு போகட்டும். ஐம்பத்தைந்து என்றால், சான்றிதழ் தருகிறவர்கள் இணை உறுப்பினர் என்று ஒரு பெயரைக் கொடுத்து, மீதி மாதத்தை முடித்துவிட்டு வா என்பார்கள். அதற்குள் பகல் ஷிப்டை வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்கள்.

"வீட்டுல அவங்கள நெனச்சுப் பாருங்க. நான் கையெழுத்துப் போடறேன். எனக்கு உறுத்தாது."

"மகளுக்குன்னு நான் செஞ்சது அந்த அஞ்சு மாசந்தான் மேடம். பக்கத்துல இருந்தேன். அப்பவும் இங்கதான் இருந்தேன்னு எழுதிக் குடுத்துட்டா, அங்க யாரு இருந்தா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஐம்பத்தைந்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

பகல் ஷிப்டு, அந்தச் சான்றிதழோடு வேறு கிளையிலிருந்து வந்த, ஆறு வருஷ அனுபவமுள்ள ஒருவனுக்குப் போனது. நல்ல பையன். இங்கே எந்த எச்சரிக்கை வெறும் சத்தம், எதற்கு உடனே ஓட வேண்டும் என்று கேட்காரர்தான் அவனுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்.

பகல் ஷிப்டு கைவிட்டுப் போனது தெரிந்த அன்றே சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். இன்னும் எத்தனை மாசம் என்று கேட்டாள்.

"அஞ்சு. அப்புறமும் எடம் காலியானாத்தான்."

"அஞ்சு மாசம் எவ்வளவு சீக்கிரம் போயிடும்னு நமக்குத் தெரியாதா" என்றாள்.

பிறகு மணியைப் பார்த்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது, சட்டையை மாற்றுங்கள் என்றாள்.