கிழங்குட்டியின் கொட்டாவி

செடி எப்படிக் கத்தும்? பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி அவள் தலையில் வந்து விழுந்தது. அவள் வேலை பார்த்த கம்பெனி அப்போது 'குட்டிப்பூதம்' என்ற விளையாட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தது. காட்டிலும் மேட்டிலும் அலைகிற பூதக்குட்டிகளைக் கூடை போட்டுப் பிடித்து, வளர்த்து, அடுத்தவர் பூதத்தோடு மோதவிட வேண்டும். மொத்தம் நூற்று இருபது பூதங்கள். பிடிபடும்போது ஒவ்வொன்றும் ஒரு சத்தம் போட வேண்டும். அந்தச் சத்தங்களைச் செய்து தருவதுதான் அவள் வேலை. தகரத்தைத் தட்டியும், ஈரத்துணியைப் பிழிந்தும், பெட்டியின் ஜிப்பை வேகமாக இழுத்தும் நூற்றுப் பத்தொன்பதை முடித்துவிட்டாள். நாற்பத்து மூன்றாம் நம்பர்தான் கழுத்தை அறுத்தது.

அதுதான் கிழங்குட்டி. இடுப்புவரை மண்ணில் புதைந்த உருண்டைக் கிழங்கு, தலையில் காது மாதிரி இரண்டு இலை, எந்நேரமும் பாதி மூடிய கண். யாரோடும் வம்புக்குப் போகாது. எதிரி நெருங்கினால் ஒரு கொட்டாவி விடும். அதைக் கேட்ட எதிரி நின்ற இடத்திலேயே தூங்கி விழுந்துவிடும். இதுதான் அதன் மொத்த வீரமும்.

அவளும் எத்தனையோ கொட்டாவிகளைச் செய்து பார்த்தாள். ஒன்று மாடு மாதிரி இருந்தது, இன்னொன்று பழைய லிஃப்ட் மாதிரி இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர், ஒலிப்பதிவு அறையில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து வாயைப் பிளந்தார். மைக் திறந்திருந்தது.

அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊருக்கே அவர் மாஸ்டர். காலை ஆறு மணிக்குத் திறக்கும் வாயை ராத்திரிதான் மூடுவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவர் நிஜமாகவே வாயால் பிழைத்தவர். அவருடைய கொட்டாவி மூன்று பகுதியாக வரும். கிணற்றில் வாளி இறங்குவதுபோல ஒரு நீண்ட 'ஆ', அப்புறம் வழுக்கி மேலேறும் ஓர் 'ஏவ்', கடைசியில் தாடை மாட்டிக்கொள்ளும் 'டக்'. செடிக்குத் தாடை ஏது என்று அவள் அந்த 'டக்'கை மட்டும் வெட்டி எறிந்தாள். மிச்சத்தைக் கொஞ்சம் வேகமாக்கி மெல்லியதாக்கினாள். கிழங்குட்டிக்கு உயிர் வந்துவிட்டது.

மனிதக் குரல் என்றால் குரலுக்கு உரியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது கம்பெனி விதி. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். ஒலி எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் 'கதவுக் கீல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனுஷர் அன்றைக்கே தண்டோரா போடுவார், அவள் வேலைக்கு உலை வைத்துவிடுவார் என்ற பயம். விளையாட்டு வெளிவந்ததும் சொல்லலாம் என்றிருந்தாள். அந்த வாரம் அவருடைய தங்கை விஷயமாக இருவருக்கும் சண்டை. சண்டை தீர்ந்தபோது சொல்ல வேறு விஷயங்கள் வந்துவிட்டன. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. வருஷம் ஓடிவிட்டது.

கிழங்குட்டி கொடிகட்டிப் பறந்தது. ஐம்பது சண்டை ஜெயித்தால் அது பெரிய மரமாக வளர்ந்துவிடும், பலமும் கூடும். ஆனால் மரமானபின் கொட்டாவி விடாது. அதனால் பிள்ளைகள் யாரும் அதை வளரவிடவில்லை. தோற்றாலும் பரவாயில்லை என்று குட்டியாகவே வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாஸ்டருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்பெட்டியை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சுப் போக்குவரத்தெல்லாம் கழுத்தில் உள்ள துளை வழியாக. அதை மறைக்க ஒரு துணி கட்டிக்கொள்கிறார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவியை ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்தார். தகர டப்பா பேசுவது மாதிரி இருந்தது. எடுத்த கையோடு அலமாரியில் போட்டார், அதோடு சரி. டிரைவிங் ஸ்கூல் போயிற்று. ஒரு சிறு சிலேட்டு வந்தது. முதலில் அதில் வாக்கியமாக எழுதினார். பிறகு சொல்லாக எழுதினார். இப்போது 'சரி', 'வேணாம்' என்ற இரண்டைத் தவிர வேறு எழுதுவது அபூர்வம்.

தன் பழைய குரலைக் கேட்க அவருக்குப் பொறுக்கவில்லை. தங்கை வீட்டுக் கல்யாண வீடியோவில் அவர் சிரித்துப் பேசும் இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அவள் போனில் இருந்த அவருடைய குரல் செய்திகளை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டார். அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது எதுவும் மிச்சமில்லை. அவள் சண்டை போடவில்லை. நோயாளியோடு என்ன சண்டை?

இருமல் உன் தூக்கத்தைக் கெடுக்கும் என்று எழுதிக் காட்டி, முன் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். வேண்டாம் என்று அவளும் தடுக்கவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆபீசில் அவளுக்குக் 'காதக்கா' என்று பட்டப்பெயர். நாலு அறை தள்ளி ஸ்பூன் விழுந்தால் எஃகா வெள்ளியா என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். வேலை ஒன்றும் இல்லை. அந்தத் துளை வழியாக வரும் மூச்சுச் சத்தத்தைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக இருந்தார்கள்.

காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனில் குட்டிப்பூதத்தைத் திறப்பாள். கிழங்குட்டியைத் தேடிப் பிடிப்பாள். அது கொட்டாவி விடும். விட்டுவிட்டு மறுபடி பிடிப்பாள். ஐம்பத்து மூன்று வயசுப் பெண் பூதம் பிடிப்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அவள் கைக்கு எட்டும்படி அவர் குரல் என்று மிச்சமிருந்தது அந்த இரண்டு விநாடிதான்.

அதற்கும் ஆபத்து வந்தது. விளையாட்டைப் புதுப்பித்து வெளியிடப்போகிறார்கள். ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்கச் சட்டப் பிரிவிலிருந்து ஓர் அம்மாளை அனுப்பினார்கள். கூட்டத்தில் நாற்பத்து மூன்றாம் நம்பரைப் போட்டுக் கேட்டார்கள். மேஜையைச் சுற்றி ஆறு பேர் வரிசையாகக் கொட்டாவி விட்டார்கள், சட்டக்கார அம்மாள் உட்பட.

"இது கதவுக் கீலா அக்கா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் அந்த அம்மாள். "கீல் சத்தத்துக்கு யாருக்காவது கொட்டாவி வருமா?"

கூட்டம் முடிந்ததும் அவள் தனியாகப் போய் உண்மையைச் சொன்னாள். சட்டக்கார அம்மாள் நல்ல மாதிரி. பழசைக் கிளறவில்லை. புதன்கிழமைக்குள் அவர் கையெழுத்து வந்தால் சத்தம் இருக்கும், வராவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றாள். பதிலுக்கு ஒரு குரல் நடிகையின் சத்தம் தயாராக இருந்தது. பூனைக்குட்டி ஐஸ்கிரீம் கேட்பது மாதிரி ஒரு கொஞ்சல். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையெழுத்துக் கேட்க வேண்டுமானால் அப்படி ஒரு பதிவு இருக்கிறதென்று சொல்ல வேண்டும். சொன்னால் அதையும் அழிக்கச் சொல்வார். சொல்லாவிட்டால் கம்பெனியே அழித்துவிடும். திங்கட்கிழமை ஒப்புதல் காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, சாப்பிட்ட தட்டுகளை எடுத்த கையோடு காகிதத்தை மேஜையில் வைத்தாள்.

அவர் ஆற அமரப் படித்தார். ஒலியின் விவரம்: கொட்டாவி. சிலேட்டில் எழுதினார்: "யாரோட?"

"உங்களோடது" என்றாள். அன்று நடந்ததைச் சொன்னாள். கீல் என்று எழுதியதையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரலே அவளுக்கு யாரோ பேசுவதுபோல இருந்தது. அந்த வீட்டில் இவ்வளவு நீளமாக யாரும் பேசி ரொம்ப நாளாயிற்று. பிறகு ஆபீஸ் பழைய கோப்புகளில் அன்று தேடி எடுத்துவந்திருந்த வெட்டாத பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டாள்.

நாற்காலி கிரீச்சிட்டது. "என்னம்மா, கிளம்பலாமா? பசி உயிரை எடுக்குது" என்றது மாஸ்டரின் குரல். மேஜைக்குக் கீழே அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. கற்றுக்கொடுப்பவருக்கென்று காரில் தனியாக இருக்கும் பிரேக்கை அப்படித்தான் அழுத்துவார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. வாளி இறங்கியது, வழுக்கி ஏறியது, 'டக்' என்று மாட்டியது.

அவர் சிலேட்டை எடுத்தார். எழுத நேரமாயிற்று.

"அப்பவே சொல்லியிருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பேனே."

ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார் என்றுதானே மறைத்தாள்? பெருமை பேச அவருக்கு வாய் இருந்த பதினேழு வருஷமும் அந்தப் பெருமையைக் கொடுக்காமல் வைத்திருந்து, வாய் போன பிறகு கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் இன்னொரு தடவை போடச் சொல்லி விரலைச் சுழற்றினார். போட்டாள். இந்த முறை கொட்டாவி பாதியில் இருக்கும்போதே அவர் முகம் கோணியது. அழப்போகிறார் என்று பதறினாள். அழுகை இல்லை. வாய் திறந்துகொண்டே போயிற்று. சத்தமே இல்லை. கழுத்துத் துணி உப்பி, தணிந்தது. அப்புறம் 'டக்'.

பதிவில் இருந்த 'டக்' ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது. இது மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"இன்னும் இருக்கா அது?" என்றாள், பைத்தியக்காரி மாதிரி.

தாடையை எடுக்கலையே என்பதுபோல அவர் தாடையைத் தட்டிக் காட்டினார். இரண்டு வருஷமாக முன் அறையில் அந்தச் சத்தம் தினமும் கேட்டிருக்க வேண்டும். இந்தப் பக்கம் காதை மூடிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

காகிதத்தை அவர் அவள் பக்கமே தள்ளினார். எழுதினார்: "அந்த ஆள் போயிட்டான். அவனுக்காக நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எனக்கு அந்தக் குரல் வேணும்" என்றாள். இரண்டு வருஷமாகச் சொல்லாத பேச்சு. "பஸ்ல தினமும் கேக்கறேன். எனக்கு வேற எதுவும் மிச்சம் வைக்கல நீங்க."

அவர் சிலேட்டை இழுத்தார். அழித்து எழுதினார்: "அது உனக்கு. வச்சுக்கோ. வெளிய வேணாம்." மறுபடி அழித்தார். "வெளியவிட, இப்ப இருக்கிற என்னை ரெக்கார்டு பண்ணு."

சிறிய ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கழுத்துத் துணியை அவிழ்த்தார். அந்தத் துளையை அவள் நேராகப் பார்த்தது அன்றுதான். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. மைக்கை ஒரு சாண் தள்ளி நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கொட்டாவி கூப்பிட்டால் வருமா? வரவில்லை. காத்திருந்தார்கள். காதுக்குள் அவர் மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். காய்ந்த இலைகளுக்குள் காற்று புகுந்து வருகிற மாதிரி. செடி எப்படிக் கத்தும் என்று அன்று மண்டையைப் பிய்த்துக்கொண்டாளே, இப்படித்தான் கத்தும். அவளுக்கு அழுகை வந்தது. மைக்கில் விழாமல் அழத் தெரியும் அவளுக்கு, தொழில் அது.

கடைசியில் அவள்தான் வாயைப் பிளந்து பொய்க் கொட்டாவி ஒன்று விட்டாள். அவர் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன் அவருக்கு நிஜமாகவே வந்துவிட்டது. இந்த முறை அவள் எதையும் வெட்டவில்லை.

புதன்கிழமை கூட்டத்தில் புது நாற்பத்து மூன்றைப் போட்டார்கள். முதலில் சத்தமே வரவில்லையே என்று எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். மெல்லக் காற்று வந்தது. பிறகு 'டக்'. இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். புதுப் பதிவுக்கு மாஸ்டர் போட்ட கையெழுத்தைச் சட்டக்கார அம்மாள் பார்த்துவிட்டு, ஒலி எங்கிருந்து வந்தது என்ற கட்டம் காலியாக இருப்பதைக் காட்டினாள்.

"என்ன போடட்டும்கா? இது நிஜமாவே கதவு மாதிரிதான் இருக்கு."

"எங்க வீட்டுக்காரர்னு போடுங்க" என்றாள்.

பழைய கொட்டாவி அந்த மாதக் கடைசியில் விளையாட்டிலிருந்து போய்விடும். பஸ்ஸில் இனிமேல் கிழங்குட்டி வாயால் அது கேட்காது என்பது அவளுக்கு வலித்தது, வலிக்கத்தான் செய்தது. சாயங்காலம் மேஜையை ஒழுங்குபடுத்தினாள். பையை எடுத்துக்கொண்டாள். ஹெட்போனை ஆபீஸ் டிராயரிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.