ஒரு தரம் ஏறிய மலை

கணவர் ஜோக்கிமின் இருதய அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தால், மொந்தே பெல்லெக்ரினோ மலைக்கு வெறுங்காலுடன் நடந்து, அங்கு கோவில்கொண்ட புனிதை சாந்தா றொசாலியாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவதாக மாக்கிரட் நேர்ந்திருந்தார். இன்று காலை அதனை நிறைவேற்றினார். இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழரைப் பற்றி விவரணத் தொடர் எடுக்க வந்திருந்த பிரித்தானியத் தொலைக்காட்சிக் குழுவொன்று கமராவுடன் அவர் பின்னால் ஏறியது. மகள் ஆரணிதான் அக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளர். அவளுக்கு அது முதல் வேலை.

மலைமேல் கோவில் வாசலில், குழுவின் நெறியாளரான ஆங்கிலேயப் பெண்மணி ஆரணியை அழைத்து ஏதோ கூறினார்.

"அம்மா, கடைசி வளைவை மட்டும் இன்னொருக்கா நடக்கட்டாம். கமராவில கால் மங்கலா விழுந்திட்டுதாம்."

"நேர்த்தி முடிஞ்சுது, பிள்ளை."

"பத்து நிமிசந்தானே."

"நான் ஆருக்கு நடந்தனான்? றொசாலியாவுக்குத் தெரிஞ்சால் காணும்."

அம்மா களைத்துவிட்டார் என்று ஆரணி ஆங்கிலத்தில் மென்மையாக மாற்றிச் சொன்னாள். நெறியாளர் உடனே வேறு வழி கண்டார். கால்கள் மட்டுந்தானே வேண்டும், ஆரணியே நடக்கலாமே. அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

"என்னடி செய்யிறாய்?"

"ஆருக்கும் தெரியாதம்மா. எல்லாரும் இப்பிடித்தான் எடுக்கிறவை."

மாக்கிரட் பொலிதேயாமாப் பகுதியில், சிஞ்ஞோரா என்று தாம் அழைக்கும் இத்தாலியப் பெண்மணி ஒருவரின் வீட்டில் பதினோராண்டுகளாக வேலை செய்பவர். மாலைதோறும் இருவரும் சேர்ந்து பார்ப்பவை பிரித்தானியத் துப்பறியும் நாடகங்களே.

"சிஞ்ஞோராவோட பார்க்கிற நாடகத்தில செத்தவன், அடுத்த கிழமை வேற நாடகத்தில தேத்தண்ணி குடிக்கிறான். எனக்கொரு கோவமும் இல்லை. நாடகமெண்டால் நானும் நூறு தரம் ஏறுவன். இது உண்மையெண்டு சொல்லித்தானே வந்தவை?"

"ஓம். ஆனா நடக்காட்டி உங்கட பகுதியை வெட்டிப்போடுவினம்."

"வெட்டட்டும்."

"தமிழ்ச் சங்கத்தில இதை ஒழுங்குபண்ணின அகஸ்ரின் அண்ணை என்னைத்தான் பேசுவார்."

"அவரை வந்து ஏறச் சொல்லு. அந்த வயித்தோட முதல் வளைவிலயே இருந்திடுவார்."

ஆரணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஒப்புதல் படிவத்தில் மாக்கிரட் இன்னும் கையெழுத்திட்டிருக்கவில்லை. அதில்லாமல் ஒரு காட்சியையும் ஒளிபரப்ப இயலாது என்பதை ஆரணியே அவருக்கு விளக்கியிருந்தாள். அவர் படிவத்தைக் கேட்டு வாங்கி, பேனாவை மகளிடம் நீட்டினார்.

"இங்கிலீசில எழுது. இந்த மனிசி ஒருதரந்தான் ஏறினவ. மங்கலெண்டால் மங்கலாவே காட்டுங்கோ. வேற ஆற்றையும் காலை என்ர பேரில போடக்கூடாது."

"கொஞ்சம் பணிவா எழுதட்டே?"

"சொன்னதை எழுது."

ஆரணி ஒரு சொல்லும் குறையாமல் எழுதினாள். அதன்கீழ் மாக்கிரட் முழுப்பெயரில் கையெழுத்திட்டு, படிவத்தைத் தாமே நெறியாளரிடம் கொடுத்தார். நெறியாளர் இருமுறை வாசித்தார். பின்பு, அந்த வரிகளைச் சற்றே மாற்றி எழுத இயலுமா என்று ஆரணியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஆரணி அதனைத் தாய்க்கு மொழிபெயர்க்கவில்லை.

இயலாது என்று தானே விடை கூறினாள்.